கூட ஆள் யாரு?

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும்... அவ்வளவுதான், இருட்டு. ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் பள்ளமும் புதரும். நடுவில் லாரிகள் ஓடி ஓடித் தேய்ந்த தார் ரோடு. மதில் முடிகிற இடத்தில்தான் கண் ஆஸ்பத்திரியின் வாசல்.

கதவை முழுக்கச் சாத்தாதீர்கள், கொஞ்சம் காற்று வரட்டும். கரண்ட் வரும்போது வரட்டும். நான் சொல்லப்போவது என் சிநேகிதியின் சித்தி மகளுக்கு நடந்தது. அவளே என் சிநேகிதியிடம் வாய்விட்டுச் சொன்னது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். நடுவில் எழுந்தால் தனியாகத்தான் போகவேண்டும், துணைக்கு ஆள் அனுப்பமாட்டேன்.

சரி. அவளைச் சின்னவள் என்றே சொல்கிறேன், வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவள் ஒருத்தி உண்டு. கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். போனில் புத்தி சொல்வதோடு அவள் கடமை முடிந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது சின்னவள்தான். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடியே விரிப்பு மடிக்கவேண்டும், உறை மாற்றவேண்டும், கறை பார்க்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் கால் தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். அதற்குப் பிறகு சமையல், அம்மா, மாத்திரை.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு கண். வலது கண் எந்தக் காலத்திலோ பாட்டில் வெடித்துப் போய்விட்டது. எடுத்தே விட்டார்கள். இமை உள்வாங்கி எப்போதும் மூடியே இருக்கும். மிச்சமிருந்த இடது கண்ணில் இப்போது புரை. போன மாதம் டம்ளர் என்று நினைத்து வெந்நீரைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டாள். அன்றைக்குச் சின்னவள் முடிவு செய்தாள், இனி தள்ளிப்போட முடியாது என்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அம்மா பார்ப்பாள். ஏதாவது ஏடாகூடமானால் இருந்ததும் போச்சு. மாற்றுக் கண் கிடையாது, புரிகிறதா? அதுதான் அவளுடைய பயமெல்லாம்.

சுகர் பார்த்து, பிரஷர் பார்த்து, பல் வலிக்கு டாக்டர் பார்த்து, எல்லாவற்றுக்கும் அலைந்தாயிற்று. முந்தின நாளே தலைக்குக் குளிக்க வைத்தாயிற்று. அப்புறம் பல நாளைக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாதே. கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நாள் லீவும் வாங்கியாயிற்று. முதல் நாள் ராத்திரி வரை மிஷின் முன்னால் நின்றுவிட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து, வெறும் வயிற்றோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த ரோட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செருப்புச் சத்தம் மட்டும்... சரக், சரக். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு செருப்புச் சத்தமும் கேட்டது. முன்னால் ஒரு பெண்பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு. மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தாள். மதிலைத் தடவித் தடவித்தான் நடந்தாள்.

பயப்படாதீர்கள், அவள் அப்போது உயிரோடுதான் இருந்தாள்.

உள்ளே பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் கண் பாப்பா விரிவதற்கு மருந்து. எந்தக் கண்ணுக்கு ஆபரேஷனோ அந்தப் புருவத்துக்கு மேலே மையால் ஒரு கோடு. அம்மாவுக்கு இடது பக்கம். துணிப்பைக்காரி அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கம்.

"கூட யாரும் வரலையா?" என்று அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"வர ஆள் இல்லைங்க. போன தடவையும் ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அங்கே ஒரு வழக்கம். நர்ஸ் உள்வாசலில் வந்து நின்று, எந்தக் கண் என்று சத்தமாகச் சொல்லி, "கூட ஆள் யாரு?" என்று கேட்பாள். கூட வந்தவர் எழுந்து கையைத் தூக்கவேண்டும். கை தூக்கினால் நோயாளி உள்ளே போகலாம். யாரும் தூக்காவிட்டால் வீட்டுக்கு. எவ்வளவு கெஞ்சினாலும் வீட்டுக்குத்தான். வீட்டில் மருந்து ஊற்ற ஆள் இல்லாதவருக்குக் கத்தி வைக்கமாட்டார்களாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

துணிப்பைக்காரி குனிந்து, அம்மாவைத் தாண்டிச் சின்னவளைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட, சின்னவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எனக்கும் ஒரு கையைத் தூக்கிடும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

சின்னவளுக்கு அப்போது தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கை தூக்குவதுதானே, என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். "சரிங்க" என்றாள்.

"இடது கண்ணு! கூட ஆள் யாரு?"

தூக்கினாள். அம்மா உள்ளே போனாள்.

"வலது கண்ணு! கூட ஆள் யாரு?"

மறுபடியும் தூக்கினாள். நர்ஸ் முறைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் நீதானா? வீட்ல மருந்து யாரு ஊத்துவா?"

"நான்தான் சிஸ்டர்."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமா... ரெண்டு பேருக்கும்தான்."

"வாயால சொல்லிட்டுப் போறது லேசு. மருந்து விட்டுப்போச்சுன்னா கண்ணு போயிடும். அப்புறம் இங்க வந்து அழக்கூடாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான். ஆனால் அவளுக்கு அப்போது அது தெரியவில்லை.

ஆபரேஷன் சட்டென்று முடிந்துவிட்டது. கண்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்துப் பிளாஸ்திரி போட்டு வெளியே அனுப்பினார்கள். கண்ணைக் கசக்கக்கூடாது. குனியக்கூடாது. கனம் தூக்கக்கூடாது. ராத்திரி மூடி போட்டுத்தான் படுக்கவேண்டும். சொட்டு மருந்தைக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊற்றவேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டு, அம்மாவைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். துணிப்பைக்காரியும் பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு யாரும்மா மருந்து ஊத்துவா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டின் கோடியில் பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. சின்னவள் அவசரத்தில், "வீட்டுக்கு வந்துருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டி பக்கத்துல மாடி வீடு. அம்மாவுக்கு ஊத்தும்போது உங்களுக்கும் ஊத்தி விடுறேன்" என்றாள்.

"நிச்சயமா வரட்டுமா?"

"வாங்க, வாங்க."

நாமெல்லாம் சொல்கிற 'வாங்க' போலத்தான். யாராவது உண்மையிலேயே வந்துவிடுவார்கள் என்று நினைத்தா சொல்கிறோம்? அம்மாவை ஏற்றி, உட்கார வைத்து, திரும்பிப் பார்த்தபோது அவள் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். வலது பக்கம் மூடியிருந்ததால், அந்தப் பக்கம் பார்க்க முழுத் தலையையும் திருப்பவேண்டியிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

முதல் சில நாள் ஒன்றும் இல்லை. வேலை மட்டும்தான். அம்மா சின்னக் குழந்தையைவிட மோசம். கண் உறுத்துகிறது என்று கையைக் கொண்டுபோவாள். கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிவாள். "உன்னைக் கட்டிப்போட்டாத்தான் சரிப்படும்" என்று சின்னவள் கத்துவாள். "கட்டிப்போடு, நிம்மதியா உக்காந்திருக்கேன்" என்பாள் அம்மா. நடுவில் பெரியவள் போன் வேறு.

"ஏண்டி, அம்மாவை டிவி பாக்க விடாதே. நேரத்துக்கு மருந்து ஊத்து. நீ ஞாபகமா இரு."

"சரிக்கா."

"எனக்கு இங்க இருப்பே கொள்ளலை தெரியுமா?"

"அப்ப கிளம்பி வாயேன்."

அதற்கு மட்டும் லைன் சரியாகக் கேட்காது பெரியவளுக்கு.

லீவு முடிந்தது. சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இருட்டோடு எழுந்து கை கழுவி மருந்து ஊற்றிவிட்டு ஓடுவாள். மதிய இடைவேளையில் சாப்பிடாமல் ஓடி வந்து ஊற்றிவிட்டு ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி. அம்மாவுக்கு வெளிச்சம் கூசியதால் படுக்கையறையில் எப்போதும் திரை இழுத்தே இருக்கும். பகலிலும் அங்கே கை மட்டும்தான் வேலை செய்யும், கண்ணுக்கு வேலை இல்லை. கட்டிலில் அம்மா சுவரோரம் படுப்பாள். தூக்கத்தில் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளச் சின்னவள் வெளிப்பக்கம் படுப்பாள்.

மருந்து ஊற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கட்டில் விளிம்பில் உட்காரவேண்டும். மூடியின் பிளாஸ்திரியை உரிக்கவேண்டும். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து... ஒரு சொட்டு. மூடியை வைத்துப் புதுப் பிளாஸ்திரி. தூங்கிக்கொண்டே செய்யலாம். அவள் தூங்கிக்கொண்டேதான் செய்தாள்.

அப்போதுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

மருந்து சீக்கிரம் தீர்ந்தது. இன்னும் பல நாள் வரவேண்டிய பாட்டில், ஆட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம். பிளாஸ்திரிச் சுருளும் அப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் வெளியே சிந்தியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கினாள்.

அப்புறம் ஒரு வாடை. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை இருக்கும், சரி. அதோடு டீசலும் தாரும் கலந்து... ரோட்டோர மாடி வீடுதானே என்று விட்டுவிட்டாள். அவளுடைய தலையணை காலையில் சில்லென்று இருக்கும். விரிப்பில் பொடிக் கல் உறுத்தும். ஒரு நாள் உறையில் காசளவு பழுப்புக் கறை. கறை பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. பார்த்ததும் தெரிந்தது, இது வெந்நீரில் போகாது, பச்சைத் தண்ணீரில்தான் போகும் என்று. எந்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்று உங்களுக்கும் தெரியும். மூக்கில் கீறி ரத்தம் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அலுத்துப்போன மனுஷி எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள்.

அம்மா வேறு நச்சரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, இன்னிக்கு மருந்து ஊத்தலையா?"

"காலையிலேயே ஊத்தினேனேம்மா."

"எனக்கா? எப்ப?"

"நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே."

"கண்ணுல சில்லுனு விழுந்தா முழிக்கமாட்டேனா? மத்தியானமும் ஊத்தலை. நீ வந்தே, உக்காந்தே, எந்திரிச்சுப் போனே. நான் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். கூப்பிடுவேன்னு பாத்தேன்."

"ஊத்திட்டுத்தானேம்மா போனேன்!"

"அப்ப யாருக்கு ஊத்தினே?"

சின்னவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் கொள்ளாமல் ஓடி வந்து ஊற்றிவிட்டுப் போனால், இந்த அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதே என்று அழுகை வந்தது. சண்டை போட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அதே கதைதான். அதற்கு மறுநாள் அம்மா கேட்கவே இல்லை. அது சின்னவளுக்கு நிம்மதியாக இருந்தது, பாவம்.

பிறகு ஒரு சாயங்காலம் அம்மா சமையலறை விளக்கடியில் வந்து நின்றாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடியின் ஓட்டைகள் வழியாகத் தெரிந்த அம்மாவின் கண் ரத்தச் சிவப்பு. இமை வீங்கி நீர் வடிந்துகொண்டிருந்தது. மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஓரமெல்லாம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. அன்று ஒட்டியது இல்லை. நேற்று ஒட்டியதும் இல்லை. என்றைக்கோ ஒட்டியது.

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவிக்குள் அம்மாவின் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மருந்தே போடலையா?" என்றார்.

"போட்டேன் டாக்டர். ஒரு வேளை விடலை."

"போட்ட கண்ணு மாதிரி இல்லையேம்மா. உள்ள கிருமி ஏற ஆரம்பிச்சிருக்கு. இவங்களுக்கு இருக்கிறதே ஒரு கண்ணு." வேறு மருந்து எழுதினார். இன்னும் அடிக்கடி ஊற்றவேண்டும். "இந்த ஒரு வாரம்தான். இதுல தவறிச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சின்னவள் தலையை ஆட்டினாள். அம்மாவை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தத் துணிப்பை வச்சிருந்த அம்மாவுக்குக் கை தூக்கினது நீதானே? உன்னை எங்கெல்லாமோ தேடினோம்."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதா? நீங்க ஏறின பஸ்ஸு அந்தப் பக்கம் போச்சு, இந்தப் பக்கம் லாரி வந்துச்சு. மூடி போட்ட பக்கமா வந்துச்சு, பாவம், அதுக்குத் தெரியலை. கூட ஆள் ஒருத்தர் கையைப் புடிச்சிருந்தா..." அவர் ரோட்டின் பக்கம் கையைக் காட்டினார். "கடைசி வரைக்கும் உடம்பைக் கேட்டு யாரும் வரலைம்மா."

அம்மாவுக்குக் கொஞ்சம் காது மந்தம், நல்ல வேளை. "என்னடீ சொல்றான்?" என்றாள்.

"ஒண்ணுமில்லைம்மா. வா."

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா. பக்கத்தில் சின்னவள். அவளுடைய விரல் தானாக மடியில் அசைந்துகொண்டிருந்தது, மருந்து ஊற்றுகிற மாதிரியே. இமையை இழுத்து... ஒரு சொட்டு. அப்போதுதான் அவளுடைய கைக்கு ஞாபகம் வந்தது.

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கட்டிலில் அம்மா மல்லாந்து படுத்தால் இடது பக்கம்தான் வெளிப்பக்கம். சின்னவள் உட்காரும் விளிம்புக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் இடது கண். எட்டவே வேண்டாம். ஆனால் இத்தனை நாளும் அவள் எட்டினாள். இருட்டில் மூக்குத் தண்டைத் தாண்டிக் கையைக் கொண்டுபோய், அந்தப் பக்கத்து இமையை இழுத்துத்தான் ஊற்றினாள்.

அம்மாவுக்கு அந்தப் பக்கம் கண்ணே கிடையாது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கை கழுவிவிட்டு வந்து அவள் உட்காரும்போது, படுத்திருந்த உடம்பு அவளுடைய இடுப்பில் இடிக்கும். அம்மா படுப்பது சுவரோரம். இடித்தது வெளிப்பக்கம் படுத்திருந்த உடம்பு. அது சின்னவளுடைய இடம்.

...யாரது, காலை உள்ளே இழுத்துக்கொள்வது? கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. இருந்தால் கட்டில் மேலேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மாவைப் படுக்கையறைக்குள் விடவில்லை. சமையலறையில் நாற்காலி போட்டு, விளக்கைப் போட்டாள். "கண்ணு கூசுதுடீ" என்று அம்மா அலறினாள். "கூசட்டும்" என்றாள். அம்மாவின் முகத்தை நிமிர்த்தி, அம்மாதான் என்று பார்த்து, இடது கண்தான் என்று பார்த்து, புது மருந்தை ஊற்றினாள். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் ஊற்றியதில் ஒரு சொட்டும் இப்படி வழிந்ததில்லை.

அப்போது உள்ளே கட்டில் முனகியது. க்ரீ...ச். யாரோ புரண்டு மல்லாந்து படுக்கிற சத்தம்.

"யாரு உள்ள?" என்றாள் அம்மா. இதற்கு மட்டும் காது நன்றாகக் கேட்டது.

"கதவு ஆடுதும்மா."

சின்னவள் படுக்கையறை வாசலில் போய் நின்றாள். திரை இழுத்திருந்தது. டீசல் வாடை மூஞ்சியில் அடித்தது. கட்டிலின் வெளிப்பக்கத்தில் மேடாக ஏதோ... அசையவில்லை, பேசவில்லை. முகத்தை மேலே நிமிர்த்திக் காத்திருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த அதே மாதிரி.

நானாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். நீங்கள் மாடியிலிருந்தே குதித்திருப்பீர்கள். ஆனால் ஓடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா? சின்னவளுக்கு அது இல்லை. அவளுக்கு வந்தது பயம்கூட இல்லையாம், ஆத்திரம்.

"நான் ஒருத்திதானே இருக்கேன்!" என்று கத்தினாள். "எத்தனை பேரைத்தான் நான் பாக்குறது? எங்கம்மாவுக்கு ஒரு கண்ணுதான் இருக்கு. அதுவும் உன்னாலதான் போகப் பாத்துச்சு. உனக்கு என்னதான் வேணும்?"

முகம் நிமிர்ந்தபடியே இருந்தது. என்ன வேண்டும் என்று இருவருக்குமே தெரியும்.

சின்னவள் கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்க் கையைக் கழுவினாள். அம்மாவின் புது மருந்தைத் தொடவில்லை. பழைய பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விளிம்பில் உட்கார்ந்தாள். மூக்கைத் தாண்டி எட்டினாள். பிளாஸ்திரி விரலில் தட்டுப்பட்டது, அவளே ஒட்டியதுதான். உரித்தாள். மிஷினிலிருந்து எடுத்த ஈரத் துணிபோல அந்தக் கன்னம் சில்லிட்டிருந்தது. இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள். மருந்து உள்ளே போனது. வழியவே இல்லை.

"கண்ணை மூடிக்குங்க" என்றாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள். "கொஞ்ச நேரம் திறக்காதீங்க."

அன்று முதல் அவள் இரண்டு பேருக்கும் ஊற்றினாள். முதலில் அம்மா, சமையலறையில், விளக்கடியில். அப்புறம் உள்ளே. இரண்டு பாட்டில், இரண்டு பிளாஸ்திரிச் சுருள். அம்மாவை நாற்காலியிலேயே சாய்ந்து தூங்க வைத்தாள், அவள் தரையில் படுத்துக்கொண்டாள். "கட்டில் இருக்கும்போது ஏண்டி இப்படி?" என்று அம்மா கேட்டால், "மூட்டைப்பூச்சி" என்பாள். வேலைக்குப் போவாள், ஓடி வருவாள், இரண்டு பேருக்கும் ஊற்றுவாள், ஓடுவாள். அவள் மடித்த விரிப்புகளில் கோணல் விழுந்தது. சூப்பர்வைசர் கேட்டதற்கு, "வீட்ல ரெண்டு பேருக்குக் கண் ஆபரேஷன் சார்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பெரியவளிடமும் ஒரு நாள் போனில் வாய்விட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு வாரம் வந்து இரேன். என்னால முடியலைக்கா."

"ஒரு அம்மாவைப் பாத்துக்கிறதுக்கு இவ்வளவு அலுத்துக்கிறியேடீ" என்றாள் பெரியவள்.

சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன வாரம் முடிந்தது. சிவப்பு வடிந்தது. வீக்கம் இறங்கியது. "தப்பிச்சுட்டீங்க" என்றார் டாக்டர். அம்மா அவர் விரல்களை எண்ணினாள், எழுத்துப் பலகையின் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் படித்தாள். சின்னவள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

மருந்து நாளுக்கு நாள் குறைந்து, ஒரு காலையில் இரண்டு பேருக்கும் கடைசிச் சொட்டு. உள்ளே ஊற்றியதும் அவள் பிளாஸ்திரி ஒட்டவில்லை. மூடியையும் எடுத்துவிட்டாள். "முடிஞ்சுதுங்க. நான் சொன்னபடி செஞ்சுட்டேன். இனிமே மருந்து வேண்டாம், கிளம்புங்க" என்றாள். இரண்டு பாட்டிலையும் குப்பையில் போட்டாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. தரையில் விழுந்தவள் வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவில்லை. டீசல் வாடை இல்லை, கட்டில் சத்தம் இல்லை. எத்தனையோ நாள் கழித்து நிம்மதியான தூக்கம்.

எழுந்தபோது அம்மா படுக்கையறைத் திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டிருந்தாள். அறையெல்லாம் வெயில். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அலமாரி மேல் இருந்த தூசியைப் பார்த்தாள், சுவரில் விரிசலைப் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னடீ இது, இப்படி இளைச்சுப் போயிருக்கே? தலையெல்லாம் நரைச்சுப்போச்சே. நான் பாக்காத நேரத்துல இவ்வளவு ஆயிட்டியா?"

சின்னவள் கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "கண்ணு நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டாள்.

"கண்ணாடி மாதிரித் தெரியுது. நீ பட்ட பாடு வீண் போகலை." அம்மா கட்டில் பக்கம் திரும்பினாள். வெயிலில் வெறும் கட்டில்தான் கிடந்தது, வெளுத்த விரிப்போடு. அம்மா கொஞ்சம் குனிந்து, வெளிப்பக்கத் தலையணைக்கு மேலே உற்றுப் பார்த்தாள்.

"இந்தம்மாவுக்கும் வலது கண்ணு நல்லா ஆறியிருக்கு" என்றாள். "ஆனா இடது கண்ணும் வெள்ளையாப் பூத்துக் கிடக்கேடீ. அதுக்கு எப்பக் கூட்டிட்டுப் போறேன்னு உன்கிட்டக் கேக்கச் சொல்றாங்க."